பாவற்காய் எழுந்து நின்றாள்

போன வருடம், மாரி மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஒரு சனிக்கிழமை காலை. நல்லூர்ப் பக்கத்தில் ஒரு பொது மண்டபம். இன்றைக்கும் நான் மறக்காத அந்தச் சம்பவம் அங்கேதான் நடந்தது. யாருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான். ஏன் என்று வாசித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

நான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தபால் கந்தோரில் வேலை செய்கிறேன். முத்திரை விற்பது, பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்குவது, வருகிறவர்களின் வீட்டு வழக்குகளைக் கேட்பது, இவைதான் என் வேலை. கடைசியாகச் சொன்னதற்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் எனக்கு ஒரு பெருமை உண்டு. இத்தனை வருடத்தில் என் கையால் போன ஒரு கடிதத்தைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று ஊகித்ததுண்டு. அது மனிதக் குணம், அதற்கு என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

பிரித்த கடிதங்களையும் எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் எனக்குக் கலியாணம் நிச்சயமானபோது அவருக்குக் கொழும்பில் வேலை. அவர் எழுதும் கடிதங்கள் ஓரம் கிழிந்து, மறுபடி பசை தடவி ஒட்டப்பட்டு வந்து சேரும். இடையில் எத்தனை பேர் வாசித்தார்களோ! அது தெரிந்ததால் அவரும் கவனமாகத்தான் எழுதுவார். இங்கே நல்ல மழை, நேற்றும் மழை, கோயிலுக்குப் போனேன், சாப்பாடு பரவாயில்லை. காதல் கடிதம் என்று பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன், எடுத்து வாசித்தால் வானிலை அறிக்கை. தொலைபேசியிலும் அதே கதைதான். கொஞ்சம் முக்கியமான விசயம் என்றால் உடனே "நேரிலை கதைப்பம்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். நல்ல செய்திக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இனி என் விசயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்பு எனக்கு மனச்சோர்வு வந்தது. சோம்பல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சாப்பாட்டில் ருசி போனது, நித்திரை போனது. முத்திரை கிழித்துக் கொடுக்கும்போது காரணமே இல்லாமல் கண்ணீர் வந்து முத்திரையில் விழும். நாவால் நனைக்கிற வேலை மிச்சம் என்று என் கணவர் பகிடி விட்டார். அந்தப் பகிடிக்குப் பிறகு அவரே என்னைத் தெரிந்தவர்கள் கண்ணில் படாத தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளிசை எடுக்கத் தொடங்கினேன். குளிசைகளை ஒரு விற்றமின் போத்தலுக்குள் போட்டு வைத்தேன். வீட்டில் கணவருக்கும் மகளுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊரில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் இரத்தப் பிறசரும் கௌரவமான வருத்தங்கள். விசேச வீட்டில் அடுத்தடுத்த கதிரையில் இருந்து அளவு சொல்லிப் போட்டி போடலாம். மனதில் வருகிற வருத்தத்துக்கு அந்த மரியாதை இல்லை. அது ஒருவருக்கு வந்தால் முழுக் குடும்பத்துக்கும் வந்த மாதிரி. மகளுக்குக் கலியாணம் பேசுகிறபோது அது முதலில் வந்து வாசலில் நிற்கும்.

அந்த ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற அக்கா ஒருவர் என்னை ஒரு குழுவில் சேர்த்தார். எல்லோரும் பாவிக்கிற செயலியில் இல்லை. வேறொன்றைப் போனில் போட்டுத் தந்தார். அதில் ஒருவருக்கொருவர் இலக்கம் தெரியாது, எழுதியது கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். அனுப்புகிறவரின் போனில் பூட்டப்படுகிற செய்தி, பெறுகிறவரின் போனில்தான் திறக்கும் என்றும், நடுவில் அந்தச் செயலியை நடத்துகிற கம்பனிக்காரனாலும் வாசிக்க முடியாதென்றும் விளங்கப்படுத்தினார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒட்டிய கடிதம், ஓரம் கிழியாமல் போய்ச் சேருகிறது. அவ்வளவுதானே.

யாராவது எட்டிப் பார்த்தாலும் சந்தேகம் வராதபடி குழுவுக்குச் "சமையல் குறிப்பு" என்று பெயர் வைத்திருந்தார் அக்கா. ஆட்களுக்கு மரக்கறிப் பெயர்கள். வெண்டிக்காய், புடலங்காய், கத்தரிக்காய். நான் சேர்ந்தபோது நல்ல பெயர்களெல்லாம் போய்விட்டன, பாவற்காய்தான் மிச்சம் இருந்தது. என்னைத் தெரிந்தவர்கள் பொருத்தமான பெயர் என்பார்கள். என் கணவரின் தங்கை கனடாவிலிருந்து வந்து நின்றபோது என் போனில் குழுவின் பெயரைக் கண்டுவிட்டு, தன்னையும் சேர்த்துவிடச் சொல்லிக் கரைச்சல். இடமில்லை என்று சமாளித்தேன். இவ்வளவு குறிப்புப் பார்த்தும் உங்கடை குழம்பு அப்படியேதான் இருக்கிறது அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு காலையும் யாராவது ஒருவர் "இண்டைக்கு என்ன கறி?" என்று எழுதுவார். எல்லோரும் ஏதோ ஒரு கறியின் பெயரை எழுத வேண்டும். கறி முக்கியமில்லை. எழுதினால் எழும்பிவிட்டார், இருக்கிறார் என்று அர்த்தம். எழுதாதவரை நாங்கள் தேடுவோம்.

ஒருநாள் கத்தரிக்காய் கறி எழுதவில்லை. மத்தியானம் போல, இனி என்னாலை ஏலாது என்று மட்டும் எழுதினாள். கைக்குழந்தையோடு இருக்கிற இளம் பிள்ளை என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த வசனத்தின் அர்த்தம் மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கந்தோரில் ஒரு கையால் முத்திரை குத்திக்கொண்டு மறு கையால் அவளுக்கு எழுதினேன். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா, வீட்டில் என்ன மரம் நிற்கிறது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். மற்றவர்களும் விடாமல் எழுதினார்கள். அக்கா போய்ச் சேருமட்டும் அவளைத் தனியே விடவில்லை. அன்றைக்கு ஒரு பதிவுத் தபாலில் முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டேன். அதற்காக நான் வருந்தவே இல்லை.

அடுத்த நாள் காலை அவள் எழுதினாள், "பருப்பு." வாழ்க்கையில் நான் வாசித்த மிக நல்ல செய்தி அதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்லூரில் நல்ல குடும்பம், பெடியனுக்கு நல்ல வேலை, தகப்பன் இல்லை. தாய் ஓய்வுபெற்ற ஆசிரியை, மாதர் சங்கத் தலைவி. சாதகம் பொருந்தியது. தாயும் மகனும் பெண் பார்க்க வந்து போனார்கள். பிள்ளைகள் இரண்டுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. நான் பால் தேத்தண்ணி கொண்டுபோனபோது அந்த அம்மா கையை மறித்து, எனக்குச் சீனி வருத்தம், சீனி இல்லாமல் தாங்கோ என்றார். சீனியில்லாத தேத்தண்ணியை முகம் சுழிக்காமல் குடித்தார். அப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு எனக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு விசாரிப்பு தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசுகிற வீட்டுக்கு உளவுத்துறை தேவையில்லை. படித்த பள்ளிக்கூடம், வேலை செய்கிற இடம், பின்வளவுக்காரர், மீன்காரர் வரைக்கும் விசாரிப்பார்கள். குடும்பத்தில் வருத்தம் துன்பம் ஏதும் உண்டோ என்பதுதான் அதில் பெரிய கேள்வி. நாங்களும் அவர்களை அப்படித்தான் விசாரித்தோம், அதில் நாங்கள் ஒன்றும் தெய்வப் பிறவிகள் இல்லை. மகள் மட்டும் ஒருமுறை கேட்டாள், அவர்களுக்குச் சொல்லத்தானே வேண்டும் அம்மா என்று. சொல்லுவோம், நேரம் வரட்டும் என்றேன். எந்த நேரம் என்று எனக்கே தெரியாது.

அந்த நாட்களில்தான் போனுக்குப் போன் ஒரு குரல் பதிவு பரவியது. அரசாங்கம் இனி எல்லோருடைய செய்தியையும் வாசிக்கப் போகுதாம், புதுச் சட்டம் வருகுதாம் என்று. பாதி வதந்தி. ஆனால் மீதிப் பாதி உண்மை. அரசாங்கம் கேட்டால் கம்பனிகள் பூட்டிய செய்திகளையும் திறந்து காட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்றொரு யோசனை இருந்தது. அதைப் பற்றி மக்களின் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் வைக்கிறார்கள் என்ற அறிவித்தலைக் கந்தோர்ச் சுவரில் ஒட்டியதே நான்தான். ஒட்டும்போது மற்ற அறிவித்தல்களைப் போலத்தான் ஒட்டினேன்.

குழுவில் பயம் புகுந்துவிட்டது. முதலில் வெண்டிக்காய் போனாள், பிறகு புடலங்காய். அரசாங்கத்தில் வேலை செய்கிறவர்கள், கலியாண வயதில் பிள்ளைகள் இருக்கிறவர்கள், பழைய காலத்தை மறக்காதவர்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? ஒருநாள் காலை போனைத் திறந்தால், நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. "கத்தரிக்காய் வெளியேறினார்." பசை தடவி ஒட்டிய அந்த உறைகள் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தன. யாரும் இன்னும் ஒரு செய்தியையும் வாசிக்கவில்லை, வாசிக்கக்கூடும் என்ற கதைக்கே அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டுவிட்டாள். அக்கா அழைத்தால் எடுக்கவில்லையாம். வீடு தேடிப் போனபோது, எனக்கு ஒன்றுமில்லை அக்கா, இனி இஞ்சை வராதேங்கோ என்று கதவடியிலேயே நின்று சொன்னாளாம்.

கூட்டத்துக்குப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். "இஞ்சாரும், போறதெண்டால் போம். ஆனால் வாயை மட்டும் வீட்டிலை வைச்சிட்டுப் போம்" என்றார். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்துகிறவர், நடக்காததைக் கேட்டார்.

மண்டபத்தில் நல்ல சனம். பின் வரிசையில் ஒரு கதிரை பிடித்தேன். முன் வரிசையில், சங்கத் தலைவிகளோடு, கைத்தறிச் சேலையில் அந்த அம்மா. மகளின் வருங்கால மாமியார். திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். நானும் பல்லைக் காட்டினேன்.

வந்திருந்த அதிகாரி இளைஞர், மரியாதையாகப் பேசினார். பிள்ளைகளைக் கெடுக்கிறவர்களும் போதைப்பொருள் விற்கிறவர்களும் இந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் ஒளிகிறார்கள் என்றார். பிறகு ஒரு தாய் எழும்பினார். தன்னுடைய மகனுக்கு அந்தப் போதைத் தூளைப் பழக்கினவன் போனில்தான் வந்தான் என்று சொல்லத் தொடங்கியவர் முடிக்க முடியாமல் அழுதார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. இவரை எதிர்த்து நான் என்ன பேசுவது, பேசாமல் வீட்டுக்குப் போவோம் என்று நான் கைப்பையைத் தூக்கியது உண்மை.

அப்போது வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எழும்பி, "ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்லாதவன் ஏன் பயப்பிட வேணும்? வாசிக்கிறவை வாசிக்கட்டும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. இந்த ஊரில், கலியாணப் பேச்சு என்றவுடன் தாத்தாவின் இருமலைக்கூட ஒளிக்கிற இந்த ஊரில், ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் யார்? என்னையறியாமல் என் கை மேலே போய்விட்டது.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றுதான் தொடங்கினேன். அவருக்கு மனச்சோர்வு இருக்கிறதென்றும், அப்படியானவர்கள் சிலர் போனில் ஒரு குழு வைத்து ஒருவரை ஒருவர் தாங்குகிறார்கள் என்றும், பூட்டு இருக்கிறபடியால்தான் வாய் திறக்கிறார்கள் என்றும், இந்தக் கதை வந்த நாள் முதல் ஒவ்வொருவராக ஓடுகிறார்கள் என்றும் சொன்னேன். ஓடின ஒரு பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று தினமும் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

பெரியவர் உட்காரவில்லை. "உப்பிடியான ஆக்கள் ஆரார் எண்டு ஊருக்குத் தெரியத்தானே வேணும். இல்லாட்டி நாங்கள் என்னெண்டு பெண் எடுக்கிறது, மாப்பிளை எடுக்கிறது?"

மண்டபம் சிரித்தது. கெட்ட மனிதர்கள் இல்லை, வழக்கமாகச் சிரிக்கிற சிரிப்புத்தான். நான் முன் வரிசையைப் பார்த்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அந்த ஆள் நான்தான் என்று ஊகித்து, என்னைப் பார்க்க வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் என் மனதில் மகள் வந்தாள். பெண் பார்த்த அன்று அவள் கண்ணாடிக்கு முன் நின்ற நிற்பு வந்தது. உட்கார்ந்திருக்கலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கத்தரிக்காயின் பருப்பும் வந்தது. தெரிந்த ஒருவர் என்று இன்னொரு முகத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, பயப்படாதே என்று அந்தப் பிள்ளைக்கு நான் எந்த வாயால் சொல்வது?

"ஐயா, அந்த ஆள் நான்தான்" என்றேன். "நான் குளிசை எடுக்கிறன். வேலைக்கும் போறன், சமைக்கிறன், பிள்ளை வளர்த்திருக்கிறன். இதை நானாத்தான் உங்களுக்குச் சொல்லுறன். என்ரை போனை ஒருத்தர் திறந்து வாசிச்சு, அதாலை நீங்கள் அறிஞ்சிருந்தால் நான் இண்டைக்கு உயிரோடை இருந்திருக்க மாட்டன். ரெண்டும் ஒண்டில்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. என் வாய் மட்டும் நிற்கவில்லை. அழுத அந்தத் தாயைப் பார்த்து, உங்கள் பிள்ளையைக் கெடுத்தவனைப் பிடிக்கத்தான் வேண்டும் என்றேன். நீதிமன்றத்தில் கேட்டு அவனுடைய போனை எடுக்கட்டும், அவன் வீட்டைத் திறக்கட்டும். அதற்காக ஊரில் இருக்கிற எல்லா வீட்டுத் திறப்புச் சாவியையும் ஒரே கொழுவியில் மாட்டி வைத்தால், அந்தக் கொழுவி நல்லவன் கையிலேயே இருக்கும் என்று யார் பொறுப்பு நிற்பது? கள்ளனும் முதலில் அந்தக் கொழுவியைத்தானே தேடுவான். கிழித்து ஒட்டிய உறைகளைப் பற்றியும் சொன்னேன். வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் மழையைப் பற்றித்தான் எழுதுவார்கள் என்றேன். அங்கே இருந்த வயதான சிலர் தலையைக் குனிந்தார்கள். அவர்களுக்கும் அந்த உறைகள் வந்திருக்கும்.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். பேசியவர்கள் எல்லோரிடமும் பெயரும் ஊரும் கேட்டவர், என் முறை முடிந்ததும் பேனையை மேசையில் வைத்தார். "நீங்கள் சொன்னதை எழுதியிருக்கிறன் அம்மா. உங்கடை பேரை எழுதேல்லை" என்றார். அவர் யாரோ, எந்த ஊரோ. அந்த ஒரு வசனத்துக்காக அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று இப்போதும் நினைப்பேன். வெளியே வரும்போது, அழுத அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

ஆனால் முன் வரிசையில் அந்த அம்மாவின் கதிரை வெறுமையாக இருந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழும்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கணவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரி. விசாரிக்கிற ஆக்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய், கலியாணம் கட்டிய நாளில் இருந்து செய்யாத வேலையைச் செய்தார். எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். குடிக்க முடியாத தேத்தண்ணி, முழுக்கக் குடித்தேன்.

மகளிடம் சொல்லத்தான் பயம். உன்னைக் கேட்காமல் உன் வாழ்க்கையில் கை வைத்துவிட்டேன் பிள்ளை என்று அழுதேன். அவள் விற்றமின் போத்தலை எடுத்து வந்து, உள்ளே இருந்த குளிசைகளை அவற்றின் சொந்தப் பெட்டியில் போட்டு, சாப்பாட்டு மேசையில் உப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதாலை நிக்கிற கலியாணம் எண்டால் நிக்கட்டும் அம்மா" என்றாள். குரல் மட்டும் கொஞ்சம் உடைந்தது. அந்தப் பெடியனை அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

நாட்கள் போயின. நல்லூர்ப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கந்தோரில் ஊர் வாய் வேலை செய்துகொண்டிருந்தது. முத்திரை வாங்க வந்தவர்கள் என் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் மீதிச் சில்லறையை எடுக்காமல் நின்று, எந்த ஆஸ்பத்திரி அக்கா என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனாள். பிறகு ஒரு பின்னேரம் போன் அடித்தது. அந்த அம்மாதான். நான் ஏதோ சொல்லத் தொடங்க, அவர் இடையில் மறித்தார்.

"போனிலை வேண்டாம். நேரிலை கதைப்பம்."

பழைய காலத்து அந்த வசனத்தைக் கணவரிடம் அப்படியே சொன்னேன். வேண்டாம் என்று சொல்ல நேரில் வருவதும் ஒரு மரியாதைதான் என்றார் கணவர். எதற்கும் இருக்கட்டும் என்று வடை சுட்டேன். வேண்டாம் என்று சொல்ல வருகிறவருக்கு எத்தனை வடை சுடுவதென்று எந்தச் சமையல் குறிப்பிலும் இல்லை.

அவர் தனியாக ஓட்டோவில் வந்தார். முன் விறாந்தையில் கணவரோடும் மகளோடும் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு என்னோடு மட்டும் கதைக்க வேண்டும் என்று குசினிக்குள் வந்து, அங்கே இருந்த பலகைக் கதிரையில் தானே இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். சீனிப் போத்தலைக் கவனமாகத் தள்ளி வைத்தேன். அவர் கைப்பையைத் திறந்து சீனி வருத்தக் குளிசைப் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சாப்பாட்டுக்கு முன் எடுக்கிறதாக்கும் என்று நான் தண்ணீர் எடுக்கப் போனேன்.

"எனக்குச் சீனி வருத்தம் இல்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த குளிசை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதைத்தான் விழுங்குகிறேன்.

அவருடைய கணவர் செத்த வருடத்தில் தொடங்கியதாம். பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் என்ன சொல்வார்கள், மகனுக்குப் பிறகு யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்து, குளிசை எடுப்பதற்கு ஊருக்குச் சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டார். சொன்ன பொய்யைக் காப்பாற்றக் கலியாண வீட்டிலும் கோயிலிலும் இனிப்பைத் தொடவில்லை. மகன் வாங்கிவந்த பிறந்தநாள் கேக்கைக்கூடத் தள்ளி வைத்தாராம். இத்தனை வருடம் சீனியில்லாத தேத்தண்ணி. அன்றைக்கு நான் மெச்சிய கட்டுப்பாடு அதுதான்.

"நீங்கள் எழும்பி நிண்டியள். பக்கத்திலை வந்து நிக்க எனக்குத் துணிவு வரேல்லை. அழுகை வந்திட்டுது, அதுதான் வெளியிலை போனனான்" என்றார். "மகனுக்கு எல்லாம் சொல்லிப்போட்டுத்தான் இஞ்சை வந்தனான். அவன் என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, ஏன் அம்மா இவ்வளவு நாளும் எண்டு கேட்டான். கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ. மற்றது, அந்தக் குழுவிலை எனக்கும் ஒரு இடம் இருக்குமோ?"

நான் அழுதேன், அவரும் அழுதார். வெளியிலிருந்து கணவர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டு, பொம்பிளைகள் விசயம் என்று போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு கரண்டி சீனி போடுங்கோ" என்றார்.

என்ன மரக்கறிப் பெயர் வேண்டும் என்று கேட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவளுக்கு வேறென்ன பெயர் என்று சிரித்தார். இதை எழுதுவதற்கு அவரிடமும் வீட்டில் மற்றவர்களிடமும் கேட்டேன். இடங்களையும் மரக்கறிகளையும் கொஞ்சம் மாற்றி எழுதச் சொன்னார். மாற்றியிருக்கிறேன். ஆகவே சுன்னாகத்துப் பக்கம் தபால் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி விசாரிக்க வேண்டாம்.

நான் கூட்டத்தில் எழும்பி நின்றதைக் கத்தரிக்காயிடம் சொல்லலாமா என்று அக்கா கேட்டிருந்தார். சொல்லுங்கள் என்றேன். பதில் ஒன்றும் வரவில்லை. கலியாணத்துக்கு நாள் பார்த்து, நல்லூரில் கூறைச் சேலை எடுக்கப் போன அன்று காலை, வழக்கம்போல பூசணிக்காய் "இண்டைக்கு என்ன கறி?" என்று எழுதியிருந்தார். ஒவ்வொருவராக எழுதினோம். கடைசியாக ஒரு வரி விழுந்தது.

"முருங்கைக்காய். மகனுக்கு நாலு பல்லு வந்திட்டுது."

புடவைக்கடை நடுவில் நின்று கத்தரிக்காயின் அந்த வரியை வாசித்தேன். கடைக்காரப் பிள்ளை, சேலை பிடிக்கவில்லையா அன்ரி, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டாள்.

அந்தச் சட்ட யோசனை என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. இன்னும் எங்கேயோ ஒரு மேசையில் கிடக்கிறது என்கிறார்கள். மறுபடி கூட்டம் வைத்தால் மறுபடி போவேன், இந்த முறை சம்பந்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உள்ளே பூட்டு இருக்கிற கதவைத்தான் ஒரு மனிதர் தானாக விரும்பித் திறக்க முடியும் என்பது, அவர் சீனி போட்டுத் தேத்தண்ணி குடிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகத்துக்கு வருகிறது.